எழுதும் நோட்டு வேறு, காட்டும் நோட்டு வேறு

இணையத்தில் நாட்குறிப்பு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பெட்டியைத்தான் திறக்கிறார்கள்: வலைப்பதிவின் 'புதிய பதிவு'. அன்றைக்கு நடந்ததை அதிலேயே தட்டச்சு செய்து, அதே சூட்டில் 'வெளியிடு' பொத்தானையும் அழுத்திவிடுகிறார்கள். பின்னால் வரும் உறவு விரிசல், வேலையிடத்துச் சிக்கல், மூன்றே மாதத்தில் எழுத்து நின்றுபோவது எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. எழுதும் இடமும் வெளியிடும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டு நோட்டு வேண்டும். ஒன்று உங்களுக்கு மட்டும். அதில் எல்லாம் இருக்கும். மற்றது வாசகருக்கு, முதல் நோட்டிலிருந்து நீங்கள் மறுபடி உட்கார்ந்து பெயர்த்து எழுதியது மட்டும் அதில் இருக்கும்.

ஆரம்ப காலத்தில் இந்த இடைவெளி தானாகவே இருந்தது. ஜஸ்டின் ஹால் 1994இல் தன் வாழ்க்கையை இணையத்தில் எழுதத் தொடங்கியபோது பொத்தான் எதுவும் கிடையாது. கோப்பை எழுதி, வலைப்பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் குறிகளைக் கையால் போட்டு, சர்வருக்கு ஏற்ற வேண்டும். அந்த வேலை முடிவதற்குள் ஒரு வரியாவது அடிபட்டுப் போகும். 1998இல் ஓபன் டைரி என்ற நாட்குறிப்புத் தளம் வந்தது, பதிவுக்குக் கீழே வாசகர் கருத்து எழுதும் வசதியோடு. 1999இல் லைவ்ஜர்னல், பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவைகள் வந்தன. எழுதுவதற்கும் ஊர் படிப்பதற்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லாமல் போனது அதன் பிறகுதான். அந்த இடைவெளியை இப்போது நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தனி நோட்டு எதில் வேண்டுமானாலும் இருக்கலாம், காகிதமே போதும். கணினி என்றால் சாதாரண உரைக் கோப்பு, மாதத்துக்கு ஒன்று. கோப்பின் பெயரில் ஆண்டு முதலில், மாதம் எண்ணில் அடுத்து வரட்டும்: 2025-03, 2025-04 என்று. அப்படி வைத்தால் எல்லாம் கால வரிசையில் நிற்கும். 'மார்ச் 2025' என்று வைத்தால் அகரவரிசையில் ஏப்ரலும் ஜூனும் கண்ட இடத்தில் போய் உட்காரும். செயலியில் எழுதுவதாக இருந்தால் முதல் நாளே இரண்டு விஷயம் பாருங்கள். எழுதிய மொத்தத்தையும் உரையாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா? முனைக்கு முனை மறையாக்கம் உண்டா? இரண்டாவது இருந்தால் சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கும். கடவுச்சொல் மறந்துபோனால் செயலியை நடத்துகிறவர்களாலும் திறந்து தர முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். மேகக் கோப்பில் எழுதுகிறவர்கள், 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதோ ஒரு பக்கத்தை யாருக்கோ அனுப்புவதற்காகத் திறந்துவிட்டது, அப்படியே கிடக்கும்.

இந்த நோட்டில் நடை பார்க்க வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் பென்னிபேக்கரும் பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் மோசமான அனுபவங்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுத்து மனதுக்கு என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி அதிலிருந்துதான் பெருகியது. அந்த வகை எழுத்தில் பிழை திருத்துவதில்லை, அழகு பார்ப்பதில்லை, பெயர் போடுவதில்லை. வாசகர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு வந்ததுமே அது வேறு எழுத்தாகிவிடுகிறது. அழுகையைக்கூட கொஞ்சம் அடுக்கி வைக்கத் தொடங்கிவிடுவோம்.

அளவு நாளுக்கு பத்து நிமிடம், ஐந்தாறு வரி. ஆனால் என்ன எழுதுகிறோம் என்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். 'மனசு சரியில்லை' என்று எழுதினால் ஐந்து வருடம் கழித்துப் படிக்கும்போது உங்களுக்கே எதுவும் புரியாது. கண்ணால் பார்த்தது ஒன்று, காதால் கேட்டது ஒன்று, இரண்டும் இருக்கட்டும். யாராவது சொன்ன வாக்கியத்தை அன்று இரவே அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிவிடுங்கள். மூன்றாம் நாள் எழுதினால் அது உங்கள் வாக்கியமாக மாறியிருக்கும். பின்னால் வாசகருக்கான பக்கத்தைத் தாங்கி நிற்கப் போவது இந்த ஒரு வாக்கியம்தான்.

மாதம் ஒரு முறை நோட்டை மொத்தமாகப் படியுங்கள். பகிரலாம் என்று தோன்றும் இடத்தில் ஒரு குறி போடுங்கள். முப்பது நாளில் இரண்டு மூன்று தேறினால் தாராளம். உங்களை அறியாத ஒருவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, அதில் வரும் மனிதர் படித்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பாரா என்ற இரண்டு கேள்வியில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

பெயர்த்து எழுதுவது எப்படி என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். தனி நோட்டில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"காலை 6.40. பெரியப்பாவுக்கு ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போகணும். தம்பி காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டான், சொல்லவும் இல்ல. வாடகை வண்டி. லேபில் டோக்கன் 23. சர்க்கரை போன தடவை 310, இந்தத் தடவையும் குறையாதுன்னு நினைக்கிறேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கல, கை நடுங்குச்சு. பெரியப்பா 'பரவாயில்லம்மா, நிதானமா தேடு'ன்னார். வீட்ல எங்ககிட்ட ஒருநாளும் இப்படிப் பேசினது இல்ல."

வாசகருக்கு:

"வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. ஊசியைப் பிடித்திருந்த பெண்ணின் கை நடுங்கியது. 'பரவாயில்லம்மா, நிதானமா தேடு' என்றார் அவர். அந்தக் குரல் எனக்குப் புதிது."

என்னென்ன போயிருக்கிறது? தம்பி போய்விட்டான், அது வீட்டுக்குள் நேரில் பேச வேண்டிய விஷயம். சர்க்கரை அளவு போய்விட்டது. ஒருவருடைய மருத்துவ எண் அவருக்குச் சொந்தம், கூடப் போனவருக்கு அல்ல. நேரமும் டோக்கனும் போய்விட்டன. தனி நோட்டில் அவை தேவை, நாளை ஒரு சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வாசகருக்கு அவற்றால் பயன் இல்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். 'எங்களிடம் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை' என்பது பெரியவர்மேல் சொல்லும் புகார். 'எனக்குப் புதிது' என்றதும் பாரம் எழுதுகிறவர்மேல் வந்துவிடுகிறது. உண்மை எங்கும் மாறவில்லை. நடுங்கிய கையும் அவர் சொன்ன சொல்லும் அப்படியே இருக்கின்றன, படிக்கிறவருக்கு அவை போதும்.

'பெரியப்பா' ஏன் 'வீட்டுப் பெரியவர்' ஆனார் என்பதைத் தனியாகவே சொல்ல வேண்டும், தமிழில் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நம் உறவுப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு முகவரி. பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன், அல்லது அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். பல குடும்பங்களில் அப்படி இருப்பது ஒரே ஒருவர்தான். 'சின்ன அண்ணி', 'மூத்த நாத்தனார்' என்று எழுதினால் பெயர் போட்டதற்குச் சமம். பெயரை மறைத்து 'ர.' என்று முதலெழுத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை; உறவுக்காரர்கள் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். வினையும் காட்டிக்கொடுக்கும்: 'வந்தான்', 'வந்தாள்' என்றதும் பாதிப் பேர் கழிந்துவிடுகிறார்கள். அதே மொழி ஒளிந்துகொள்ள இடமும் தருகிறது. 'அவர்' என்ற மரியாதைச் சொல்லில் ஆண், பெண் தெரியாது, வயது தெரியாது, உறவும் தெரியாது. 'தெரிந்தவர் ஒருவர்' என்று தொடங்கி 'அவர்' என்றே முடித்தால், முழுப் பத்தியிலும் ஆள் யாரென்று வெளியே வராமல் எழுதிவிடலாம். எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் ஒரு முறை பாருங்கள். நடுவில் எங்காவது ஒரு 'சொன்னாள்' நழுவியிருக்கும்.

தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாத தகவல்கள் சேர்ந்தால் ஆளைக் காட்டும். கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுச் சொன்னது இதற்கு நல்ல சான்று: அஞ்சல் எண், பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றையும் சேர்த்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காண வாய்ப்பு உண்டு. நாட்குறிப்பில் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு பதிவுகளில் சிதறிக் கிடக்கும். ஒன்றில் பிறந்தநாள், இன்னொன்றில் தெருவோரக் கோயில், வேறொன்றில் பிள்ளையின் வகுப்பு. ஆகவே புதுப் பதிவை மட்டும் சோதித்தால் போதாது, பழைய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காலம். நடந்ததற்கும் வெளியிடுவதற்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். சண்டை, வேலை மாற்றம், நோய் என்றால் அந்த விஷயம் முடியும்வரை. பயணம் என்றால் வீடு திரும்பிய பிறகு. பூட்டிய வீட்டை ஊருக்கு அறிவிப்பதில் என்ன லாபம்? பாதுகாப்பைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிட்டால் வாசகர் யோசனை சொல்லத் தொடங்குவார், பிறகு அவருக்குப் பதில் சொல்வதற்காகவே அடுத்த நாளை நடத்துவீர்கள். பதிவில் தேதி போட வேண்டாம், 'சென்ற மாதம் ஒரு நாள்' என்றால் போதும். சரியான தேதி தனி நோட்டில் இருக்கட்டும்.

மற்றவர்களைப் பற்றி எழுதும்போது அனுமதி கேட்பது நல்ல பழக்கம், ஆனால் 'உங்களைப் பற்றி எழுதட்டுமா?' என்று கேட்பது அனுமதி ஆகாது. எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். வெளியிடப் போகும் பத்தியை அப்படியே காட்டுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இதற்கும் வழியில்லை. ஆறு வயதுப் பிள்ளை தலையாட்டுவது சம்மதம் ஆகாது. பெயர், முகம், பள்ளிச் சீருடை, பிறந்த தேதி நான்கையும் விட்டுவிட்டு எழுதுங்கள். அலுவலகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'டூஸ்' என்ற வலைப்பதிவை எழுதிய ஹெதர் ஆம்ஸ்ட்ராங்குக்கு 2002இல் வேலை போனது, அலுவலகத்தில் இருந்தவர்களைப் பற்றிப் பதிவில் எழுதியதால்தான். அந்தப் பதிவின் பெயரே, எழுதி வேலை இழப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது.

இனி பூட்டுகள். வலைப்பதிவு நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸில் ஒரு பதிவைப் பொது, தனிப்பட்டது, கடவுச்சொல் உள்ளது என்று மூன்று விதமாக வைக்கலாம். கடவுச்சொல் போட்டால் உள்ளே இருப்பது மறையும், தலைப்பு மறையாது. 'அப்பாவின் கடன்' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே பூட்டி என்ன பயன்? தலைப்பு வெறும் எண்ணாக இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஓட்டை, படங்கள். பதிவைத் தனிப்பட்டதாக வைத்தாலும் அதில் ஏற்றிய படம் சர்வரின் பொதுவான கோப்புறையில்தான் போய் உட்காருகிறது. படத்தின் நேரடி முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம். பூட்டிய பதிவில் பத்திரம், சீட்டு, முகம் எதையும் ஏற்றாதீர்கள்.

தேடுபொறியில் வராமல் இருக்க வேண்டும் என்று ரோபோட்ஸ் கோப்பில் தடை போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோப்பு, பக்கத்தைப் படிக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்கிறது. பட்டியலில் சேர்க்காதே என்று சொல்லவில்லை. வேறு யாராவது உங்கள் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தால் முகவரி மட்டும் தேடலில் வந்துவிடலாம். 'பட்டியலில் சேர்க்காதே' என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியைப் பக்கத்துக்குள் போடுவதுதான் சரியான வழி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரியம் கெட்டது: படிக்கவே தடை இருந்தால் உள்ளே இருக்கும் குறியைத் தேடுபொறி எப்படிப் பார்க்கும்?

வெளியிட்டதை அழித்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மின்னஞ்சலில் பதிவு பெறுகிறவரின் பெட்டிக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஊட்டம் (புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் வசதி) வழியாகப் படிக்கும் செயலிகள் பிரதி எடுத்திருக்கும். இணையப் பக்கங்களை 1996 முதல் சேகரித்துவரும் இன்டர்நெட் ஆர்கைவிலும் இருக்கலாம். எனவே மாற்றம் தேவைப்பட்டால் சத்தமில்லாமல் வரியை மாற்றாமல், பதிவின் அடியில் தேதியோடு ஒரு குறிப்பு சேர்ப்பதே நேர்மையும் வசதியும்.

கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி திறந்திருந்தால் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பதும் உண்டு. படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புதுப் பெயர் வைத்து ஏற்றினால் இடக் குறிப்பு ஒட்டிக்கொண்டு வராது. படத்துக்குள் தெரிவதை மட்டும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்: வண்டி எண், கூரியர் பெட்டியின் முகவரிச் சீட்டு, ஜன்னல் கண்ணாடியில் விழுந்த முகம்.

தமிழில் எழுதுவதற்கென்று இரண்டு நுட்பச் சிக்கல்கள். முதலாவது பக்க முகவரி. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். 'நாட்குறிப்பு' என்ற சொல்லில் புள்ளியும் உயிர்க்குறியும் சேர்த்து 12 குறியீடு, ஆக 108 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்தோடு நிறுத்திவிடும் என்பதால், தமிழ்த் தலைப்பு 22 குறியீட்டில் பாதியில் வெட்டுப்படும். பிளாகரோ தமிழ்த் தலைப்பை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுப் பெயர் வைத்துவிடும். இரண்டிலும் வெளியிடுவதற்கு முன்பே ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லைக் கையால் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, தேடினால் கிடைக்காமல் போவது. 'ர்' என்பதற்குப் பதிலாக துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைக்கும் பழக்கம் பழைய தட்டச்சுக்காரர்களிடம் உண்டு. 'அவர்' என்பதும் 'அவா்' என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்; கணினிக்கு இரண்டும் வேறு சொல். பத்து வருடக் குறிப்பில் ஒருவரைத் தேடினால் பாதி வராது. இப்போதே மொத்தக் கோப்பிலும் தேடி மாற்றிவிடுவது நல்லது. யூனிகோடு பரவும் முன் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதி வைத்த குறிப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கல்.

கருத்துப் பெட்டி நாட்குறிப்புக்குக் கட்டாயம் இல்லை. திறந்து வைத்தால், முதன்முறை எழுதுகிறவரின் கருத்து உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்படி வையுங்கள். பழைய பதிவுகளில் குறிப்பிட்ட நாளுக்குப் பின் தானாக மூடும்படியும் வைக்கலாம். துக்கத்தைப் பற்றிய பதிவில் மூடியே இருக்கட்டும். ஆறுதல் சொல்ல வருகிறவருக்குப் பதில் எழுதும் தெம்பு அப்போது இருக்காது, எழுதாவிட்டாலும் உறுத்தும்.

நகல் எடுப்பதை மாதத்தின் முதல் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவைகள் மூடும். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடியது. ஓபன் டைரி 2014இல் மூடி 2018இல் திரும்ப வந்தது. எல்லாருக்கும் அப்படித் திரும்ப வரும் என்று இருக்க முடியாது. வேர்ட்பிரஸில் 'ஏற்றுமதி' கொடுத்தால் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். அதில் எழுத்தும் கருத்துகளும் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றின் முகவரி மட்டுமே இருக்கும். தளம் போய்விட்டால் முகவரி எதற்கு? படங்களைத் தனியாக இறக்குங்கள். இறக்கிய கோப்பைத் திறந்து, கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஆண்டுக்கு ஒரு முறை அச்சிட்டு வைத்தால் இன்னும் நிம்மதி.

உங்களுக்குப் பிறகு இது யாரிடம் போக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கூகுள் கணக்கில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்ற அமைப்பு இருக்கிறது. 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தால், அத்தனை காலம் கணக்கு அசைவில்லாமல் இருக்கும்போது நீங்கள் சொன்னவருக்குத் தகவலும் நீங்கள் அனுமதித்த கோப்புகளும் போகும். காட்டும் நோட்டுக்கு அது போதும். பூட்டிய நோட்டின் கடவுச்சொல்லை யாருக்காவது விட்டுப் போவதா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் அதையும் ஒரு வரியில் எழுதி அந்தப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். இருப்பவர்கள் சாவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.